மறு: புரத வரிசை ஒப்பீடு – ‘ஹோமாலஜி’க்குத் தமிழில் என்ன?

வணக்கம் ஐயா,

> ‘ஒப்புமை’ என்றே வைத்துவிடலாமே? பள்ளிப் பாடத்திலும் ‘அமைப்பு ஒத்த உறுப்புகள்’ என்றுதானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் ‘ஒத்த’ என்றதும் எவ்வளவு ஒத்தது என்ற கேள்வி வந்துவிடும். அப்புறம் ‘80 சதவீத ஹோமாலஜி’ என்று எழுதுவார்கள். ஹோமாலஜிக்குச் சதவீதமே கிடையாது. இரண்டு புரதங்களும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையா, இல்லையா, அவ்வளவுதான். புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் மென்பொருள் ஐடென்டிடீஸ் (அப்படியே ஒத்த இடங்கள்), பாசிட்டிவ்ஸ் (குணம் ஒத்தவற்றையும் சேர்த்தது), கேப்ஸ் (இடைவெளிகள்) என்று எண்கள் தரும். ஹோமாலஜி என்று எதையும் அச்சிடாது. அதை நாம்தான் ஊகிக்கிறோம்.

மாட்டு வெக்கை நோய் வைரஸையும் ஆட்டுக்கொல்லி வைரஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் டிஸ்டெம்பர், தட்டம்மை வைரஸ்களோடு இரண்டும் மார்பில்லி வைரஸ் பேரினம். இந்தியாவில் ஆடுகளுக்கு வந்ததையும் வெக்கை நோய் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் பரவியதுதான் ஆட்டுக்கொல்லி என இங்கே முதலில் உறுதியானது. அதில் எங்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் பங்குண்டு. இந்த இரண்டு வைரஸ்களிலும் உறைக்கு உட்புறம் இருக்கும் எம் புரதம் அதிகம் மாறவில்லை. செல்லைப் பற்றிக்கொள்ளும் எச் புரதமோ ஏறத்தாழப் பாதி இடங்களில் வேறுபடுகிறது. அதனால் எச் புரதத்தின் ஹோமாலஜி குறைந்துவிட்டதா? இல்லை, ஒப்புமைதான் குறைந்தது.

என் பரிந்துரை: அதே இடத்தில் அதே அமினோ அமிலம் இருந்தால் முற்றொப்பு. லைசின் இருந்த இடத்தில் ஆர்ஜினின் என்பதுபோல் குணம் ஒத்தது வந்தால், அதையும் சேர்த்து எண்ணுவது ஒப்புமை. ஹோமாலஜிக்கு மரபொருமை, அப்படிப்பட்ட புரதம் பங்காளிப் புரதம்.

சிரிக்காதீர்கள். ‘60 சதவீதப் பங்காளி’ என்று யாராவது சொல்வார்களா? பிழையாக எழுத அந்தச் சொல்லே இடம் தராது. ஆய்வகத்தில் கன்னட நண்பரிடம் சொன்னேன், “ஓ, தாயாதி!” என்று உடனே பிடித்துக்கொண்டார். பங்காளி என்றால் சண்டை நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், அதனால் பொருள் கெடாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரியம்மை, ஆட்டம்மை போன்றவற்றைத் தரும் பாக்ஸ் வைரஸ்களில் மரபணு இரட்டித்து, ஒரே வைரஸுக்குள்ளேயே பங்காளிகள் உண்டு. இவற்றைத் தனியே குறிக்க ‘உடன்பிறந்த புரதம்’ சரிவருமா? கால்நடை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.