சிபியு பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அவசரம்

மாங்கனிக்கடை (காலை 9:40)
வணக்கம். சிபியு பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நேற்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பென் டிரைவ் சொருகப் போய் "அம்மா" என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டது. இன்று காலையில் இன்னொருவருக்கும் அடித்தது. எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை) மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. ஆட்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை தம்பி
எந்த ஊர் அண்ணா? எத்தனை கம்ப்யூட்டர்? பிளக் இரண்டு பின்னா, மூன்று பின்னா? யுபிஎஸ் வழியாகவா, நேராகச் சுவரிலிருந்தா?

சர்வீஸ் பெஞ்ச்
மதர்போர்டு அடியில் கேபினட்டோடு உரசுகிறதா பாருங்கள். என்னிடம் வந்ததில் பாதி அதுதான். போர்டைக் கழற்றி ஸ்க்ரூ எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து மாட்டுங்கள்.

சேலம் ரோடு
இது நிலைமின்சாரம். பாலியஸ்டர் துணி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

பழைய வயர்மேன்
கேள்வியே அரைகுறை, பதிலும் அரைகுறை. தம்பி, "ஷாக் அடிக்கிறது" என்று மட்டும் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? ஒரே ஒரு தடவை டப்பென்று அடித்து விட்டுவிடுகிறதா, கையை வைத்திருக்கிற வரை சுருசுருவென்று இழுக்கிறதா? முதலாவது நிலைமின்சாரம், இரண்டாவது லைனிலிருந்து வருவது. முப்பது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போர்டு உரசினால் 12 வோல்ட்தான் வரும், அது யாரையும் கத்த வைக்காது. போர்டைக் கழற்றச் சொன்னவர் இதை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

மாங்கனிக்கடை
காவேரிப்பட்டினம். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், எல்லாம் மூன்று பின். மூன்று கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கிறது. சுருசுருவென்றுதான் இருக்கிறதாம். நானும் அதே பெட்டியைத்தான் தொடுகிறேன், எனக்கு அடிக்கவே இல்லை. காலையில் மட்டும்தான் அடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் ஆறு பெட்டியிலும் எரிகிறது.

தென்பெண்ணை
மூன்று கேள்வி. கடைக்குள் நீங்கள் செருப்புப் போட்டிருக்கிறீர்களா? வருகிறவர்கள் வெளியே கழற்றிவிட்டு வருகிறார்களா? காலையில் தரையை ஈரத்துணியால் துடைக்கிறீர்களா?

மாங்கனிக்கடை
ஆமாம், மூன்றும்தான். குதிகால் வலிக்காக எனக்கு மட்டும் உள்ளே ஒரு ரப்பர் செருப்பு. மற்றவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தென்பெண்ணை
அப்படியென்றால் உங்கள் கடையில் எர்த் இல்லை. பின் மூன்று இருக்கும், மூன்றாவது பின்னுக்குப் பின்னால் மண்ணோடு தொடர்பு இருக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிக்கிற இரண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து (கரண்ட் வருகிற கம்பி) பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து (திரும்பிப் போகிற கம்பி) பெட்டிக்கு. எர்த் நன்றாக இருந்தால் அதில் கசிகிற கரண்ட் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்தால் பெட்டி 230-க்குப் பாதியில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஒரு கம்ப்யூட்டரில் கசிவது பெரும்பாலும் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் உங்கள் ஆறு பெட்டியும் ஒரே எர்த் கம்பியில் கோர்த்திருக்கும். ஆறின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்து, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற பிள்ளையின் விரல் வழியாக இறங்கும். உங்களுக்குச் செருப்பு தடுத்துவிடுகிறது. தரை காய்ந்ததும் மற்றவர்களுக்கும் குறைந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் போகாததற்குக் காரணம், புதிதிலும் அதே கெப்பாசிட்டர் இருக்கும்.

நான் பயப்படுவது இந்தச் சுருசுருவுக்காக இல்லை. நாளைக்கு ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஒரு பேஸ் வயர் தேய்ந்து மெஷினின் இரும்பு உடம்பில் பட்டால், அதே எர்த் கம்பி வழியாக ஆறு பெட்டியிலும் முழு 230 ஏறும். எர்த் இல்லாததால் எம்சிபியும் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) விழாது. சரியாகும் வரை தயவுசெய்து வாடிக்கையாளர் யாரையும் பெட்டியைத் தொட விடாதீர்கள்.

கிராமத்து டெக்
இதற்கு ஏன் இவ்வளவு கதை? பிளக் பாயிண்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் லூப் பண்ணிவிடுங்கள். ஷாக் நின்றுவிடும். பாலக்கோட்டில் எங்கள் கடையில் நான்கு வருடமாக அப்படித்தான்.

பழைய வயர்மேன்
அந்தத் துண்டு வயரை இன்றைக்கே பிடுங்கு. நியூட்ரல் எங்காவது லூஸானால், கம்ப்யூட்டருக்குள் போன பேஸ் திரும்பி வர வழியில்லாமல் உன் லூப் வழியாகப் பெட்டிக்கு வரும். முழு 230. லைன்மேன் மாற்றிக் கொடுத்தால், அல்லது உள்ளே யாராவது பேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டினால், நேரடியாகப் பேஸே பெட்டியில். நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது சாட்சி ஆகாது.

ஊத்தங்கரை தம்பி
ஐயா சொல்வது சரி. ஒரு சந்தேகம், ரேம் மாற்றும்போது பிளக்கைச் சுவரிலேயே விட்டு சுவிட்சை மட்டும் அணைத்தால் பெட்டி எர்த்தில் இருக்கும், நிலைமின்சாரத்தால் ரேம் கெடாது என்று படித்தேன். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சர்வீஸ் பெஞ்ச்
நானும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் போய்விடும்.

தென்பெண்ணை
சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பழைய வீடுகளில் நியூட்ரலில் சுவிட்ச் வைத்த இடம் நிறைய. அணைத்தாலும் உள்ளே பேஸ் நிற்கும்.

சர்வீஸ் பெஞ்ச்
என் பெஞ்சில் நானே வயரிங் செய்தேன், எனக்குத் தெரியும். ரேமைச் சாகடித்துவிட்டு வாடிக்கையாளரிடம் யார் பதில் சொல்வது?

பழைய வயர்மேன்
உன் பெஞ்ச் சரி. அடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் செய்கிறாயே, அங்கே? யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற பெட்டி என்றால் சுவர் சுவிட்சை அணைத்து என்ன பயன், பேட்டரியிலிருந்து 230 வந்துகொண்டே இருக்குமே. பிளக்கைப் பிடுங்கு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்து, கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைப் பார். கையும் பெட்டியும் ஒரே அளவில் இருந்தால் ரேமுக்குப் போதும். எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறக்காதே, பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கலாம்.

சர்வீஸ் பெஞ்ச்
மணிக்கட்டுப் பட்டை என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? அதை எர்த்தில் மாட்டித்தான் வேலை செய்ய வேண்டும்.

தென்பெண்ணை
அதில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிற நல்ல பட்டையாக வாங்குங்கள். அது ரேமைக் காப்பாற்ற. கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் அதைக் கட்டிக்கொண்டு கையை விடக் கூடாது, உடம்பை எர்த்தோடு கட்டிவிட்டுப் பேஸைத் தேடுவது போல ஆகிவிடும். சரி, கேட்டவரை விட்டுவிட்டோம். அண்ணா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த்.

மாங்கனிக்கடை (மதியம் 1:15)
பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் எடுத்தார். 226, 118, 107.

தென்பெண்ணை
பாதிக்குப் பாதி. எர்த் மிதக்கிறது, சந்தேகமே இல்லை. நல்ல எர்த் என்றால் கடைசி அளவு ஒன்றிரண்டு வோல்ட்தான் காட்டும். எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்குகிற குழி எங்கே இருக்கிறது? சமீபத்தில் கட்டட வேலை ஏதாவது நடந்ததா?

மாங்கனிக்கடை
போன மாதம் முன்பக்கம் சிமென்ட் தளம் போட்டார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பர்கூர் பாறை
அதுதான் சம்பந்தம். எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினால் கல். கரியும் உப்பும் போட்ட குழிகூட வெயில் காலத்தில் காய்ந்து செத்துவிடும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் உயிரோடு இருக்கும். குழி வாயைச் சிமென்ட்டால் மூடினால் எப்படி? போர்வெல் குழாயில் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை.

பழைய வயர்மேன்
போர்வெல் குழாயில் கட்டாதே. வயரிங்கில் ஏதாவது கசிந்தால் குழாயைத் தொட்டுத் தண்ணீர் பிடிக்கிற பொம்பளைக்குப் போகும். எர்த்துக்குத் தனிக் குழி வேண்டும். உன் ஊர்க் கல்லில் ஆழம் போகாவிட்டால் இரண்டு மூன்று குழி தள்ளித் தள்ளிப் போட்டுச் சேர்த்துக் கட்டு.

மாங்கனிக்கடை (மறுநாள்)
தளத்தை உடைத்துப் பார்த்தோம். எர்த் கம்பி, குழியில் இருக்கிற எர்த் குழாய்க்கு ஒரு சாண் முன்னால் அறுந்து, முனை பச்சையாகப் பூத்துக் கிடந்தது. புதுக் கம்பி இழுத்து மேலே மூடி வைத்த தொட்டி கட்டியாயிற்று. நியூட்ரல்–எர்த் இப்போது 2. செருப்பைக் கழற்றிவிட்டு ஆறு பெட்டியையும் நானே தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

தென்பெண்ணை
மிகவும் சந்தோஷம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடுகிற சுவிட்ச்) இருக்கிறதா? அதையும் எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஊத்தங்கரை தம்பி
அண்ணா, ஆர்சிசிபி போட்டீர்களா?

கிராமத்து டெக்
லூப்பைக் கழற்றிவிட்டேன். பழைய வயர்மேன் ஐயா, பாலக்கோடு பக்கம் குழி போட எவ்வளவு ஆழம் தோண்டச் சொல்வது?