பார் உரிமத்தை எதிர்த்து ஹைகோர்ட் போறவங்களுக்கு: டேப்பும் பேப்பரும்

பள்ளி, கோயில் பக்கத்துல இருக்கற டாஸ்மாக் பாரை எதிர்க்கறவங்களுக்கு வடசென்னை ஏரியாக்காரங்க நாலு பேர் சொல்ற யோசனை இது.

தண்டையார்பேட்டை:
டாஸ்மாக் கடைக்கு ஒரு பேப்பர், பாருக்கு வேற பேப்பர். கடை டாஸ்மாக்கோடது, ஒட்டியிருக்கிற பார் டெண்டர் எடுத்தவரோடது. அதனால மனு எழுதறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும். "ஏன் அனுமதி குடுத்தீங்க"ன்னு கேட்டா ஒண்ணும் வராது. "இந்த எண் கடையோட பாருக்கு நடப்பு உரிமம் உண்டா, எந்தத் தேதிவரை, நகல் வேணும்"னு கேளுங்க. உரிமம் இல்லாம ஷெட்ல டேபிள் போட்டு ஓட்டறது தெரிஞ்சா, பள்ளி, கோயில் எவ்வளவு தூரம்ங்கறதைப் பத்தியே பேச வேண்டாம். ஓட்டல் பார்னா எஃப்.எல்.3ன்னு தனி உரிமம், அதுக்கு 1981 விதிகள், கேஸே வேற மாதிரி.

பழைய வண்ணாரப்பேட்டை:
தூரத்தைத்தான் பிடிக்கணும்னா 2003 மதுபான சில்லறை விற்பனை விதிகள்ல 8ஆவது விதி. மாநகராட்சிக்குள்ள பள்ளி, வழிபாட்டுத் தலத்துலேர்ந்து 50 மீட்டர். அந்த இடம் திட்ட வரைபடத்துல வணிகப் பகுதி அல்லது தொழில் பகுதின்னு இருந்தா இந்த 50 மீட்டர் பொருந்தாது. நல்ல கேஸ் எல்லாம் சாயறது இங்கதான். பிளாக் நம்பர், டி.எஸ். நம்பர் (டவுன் சர்வே எண்) வெச்சு சிஎம்டிஏ-வோட (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நில வகைப்பாட்டை முதல்ல பாத்துடுங்க. கடைக்கு அப்புறம் வந்த பள்ளி கணக்குல வராது, பள்ளியோட அங்கீகார ஆணைத் தேதியைக் கையில வெச்சுக்கோங்க. தெருமுனை அம்மன் கோயிலை மட்டும் நம்பி இறங்காதீங்க, அறநிலையத்துறை பதிவைக் கேப்பாங்க.

வியாசர்பாடி:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. செல்போன் மேப்புல நேர்கோடு போட்டுக் காட்டாதீங்க. 30 மீட்டர் ஃபைபர் டேப் வாங்கி, ஆள் நடக்கற வழியில கடை வாசல்லேர்ந்து பள்ளி, கோயில் வாசல்வரை பிடிங்க. டேப் முடியற இடத்துல சாக்பீஸ் கோடு, அதுக்கு ஒரு போட்டோ. ஆட்டோ நிக்கற இடத்துல டேப் வளைஞ்சா ரெண்டு மீட்டர் கூடிடும். விடியக்காலை ரோடு காலியா இருக்கறப்ப அளங்க. அதிகாரி அளக்க வர்ற அன்னிக்கு கடைக்காரங்க சந்துப் பக்க ஷட்டரை இறக்கிட்டு, மெயின் ரோடுதான் வாசல்னு காட்டுவாங்க. அதனால பகல் 12 மணிக்குத் திறக்கறப்பவும் ராத்திரி 9 மணிக்கும் சந்து வாசல்ல ஆள் போறதை, தேதி தெரியற மாதிரி வீடியோ எடுத்து வைங்க.

கொருக்குப்பேட்டை:
நேரா ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டா, "கலெக்டர் கிட்ட மனு குடுத்தீங்களா"ன்னுதான் முதல் கேள்வி வரும். கலெக்டருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, கிடைச்சதுக்கான ஒப்புகையை வெச்சுக்கோங்க. கோர்ட் பெரும்பாலும் "இத்தனை வாரத்துக்குள்ள மனுவைப் பரிசீலிச்சு முடிவு எடுங்க"ன்னு சொல்லி அனுப்பிடும். அதனால அளவு, தேதி, நகல் எல்லாம் அந்த மனுவுலயே இருக்கணும். மனுவைத் தள்ளினா அந்த உத்தரவை எதிர்த்து அடுத்த ரிட் போடலாம். குடிச்சிட்டு ரகளை, பொம்பளைப் பிள்ளைங்க நடக்க முடியலன்னு சும்மா எழுதாதீங்கம்மா. ஒவ்வொரு தடவையும் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுத்து, அதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. பதிவு பண்ணாத சங்கத்தோட பேர்ல கேஸ் போடாதீங்க. அந்தத் தெருவுலயே இருக்கற ரெண்டு மூணு பேர், ரேஷன் கார்டு முகவரியோட மனுதாரரா நில்லுங்க.