தீபாவளியன்று வாசலில் கல்லறைக் கல் வைக்கலாமா?

எடிசன்_அம்மா
இந்த வருஷம், 2024-இல், தீபாவளியும், இங்கே அமெரிக்காவில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் ஹாலோவீனும் ஒரே நாளில் வருகின்றன: அக்டோபர் 31, வியாழன். எங்கள் வீட்டு வாசல் முகப்பு (போர்ச்) மிகச் சின்னது. எட்டு வயது மகள் ஒரு எலும்புக்கூடு, பஞ்சு மாதிரி இழுத்து ஒட்டும் சிலந்தி வலை, மூன்று தெர்மாகோல் கல்லறைக் கற்கள் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள். அதே இடத்தில்தான் நான் கோலம் போட்டு அகல் விளக்கு வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல சமாதியா?" என்று கேட்டுவிட்டார். மகள் அழுகிறாள். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

காவிரிக்கரை
மாமியார் கேட்டதில் தப்பே இல்லை. தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, மகாலட்சுமி வரட்டும் என்று விளக்கேற்றும் இடம் வாசல். பிள்ளை வேஷம் போடட்டும், தெருவெல்லாம் போய் மிட்டாய் வாங்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் சாவைக் காட்டும் பொருளை நிலைப்படியில் வைக்க என் மனசு ஒப்பாது. இந்த ஊரில் இருபது வருஷம் இருந்துவிட்டேன், ஒருமுறைகூட வைத்ததில்லை.

ஒஹாயோ_பரங்கி
ஐயா, ஊரில் புதிதாகக் கட்டும் வீட்டு முன்னால் என்ன தொங்குகிறது? முழித்த கண்ணும் கோரைப் பல்லுமாக அரக்க முகம் வரைந்த வெள்ளைப் பூசணிக்காய். அதை அமங்கலம் என்று யாராவது சொன்னோமா? இங்கே பரங்கிக்காயில் முகம் வெட்டி வைப்பதும் அந்த வகைதான். அயர்லாந்தில் சாம்ஹைன் என்ற பழைய பண்டிகை நாளில், கெட்ட ஆவி அண்டாமல் இருக்க டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி வாசலிலும் ஜன்னலிலும் வைப்பார்கள். 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா வந்தபோது, குடைவதற்கு இன்னும் எளிதான பரங்கிக்காய் கிடைத்தது. கிழங்கு போய்க் காய் வந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்ச் விளக்கு எரிந்தால் "வரலாம்" என்று அர்த்தம், அணைந்திருந்தால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். நான் குடிவந்த முதல் வருஷம் விஷயம் தெரியாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் ஒரே ஒரு பரங்கிக்காயை வெட்டி வைத்து விளக்கைப் போட்டேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாத எதிர்வீட்டுக்காரர், பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

காவிரிக்கரை
திருஷ்டிப் பூசணி வீட்டைக் காக்க வைப்பது, அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் பரங்கிக்காய்க்குக்கூட நான் ஆட்சேபம் சொல்லவில்லை. கல்லறைக் கல் எதைக் காக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

டெக்சாஸ்_தம்பி
பயம்தான் இந்தப் பண்டிகையின் உயிரே! 2020-இல் ஹோம் டிப்போ கடை 12 அடி எலும்புக்கூட்டை 299 டாலருக்கு விற்க ஆரம்பித்ததே, அது என் முற்றத்தில் நிற்கிறது. மரத்தடியில் வெள்ளைத் துணி சுற்றிய பிணம், புகை வரும் இயந்திரம், சங்கிலிச் சத்தம் எல்லாம் உண்டு. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள், ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து "இன்னொரு தடவை" என்பார்கள். இதையெல்லாம் எடுத்துவிட்டு பூவும் பொம்மையும் வைத்தால் அது ஹாலோவீனே இல்லை. எடிசன் அக்கா, மகள் ஆசைப்பட்டதை எல்லாம் வையுங்கள்.

ஸ்காபரோ
தம்பி, கோபிக்க வேண்டாம். போன வருஷம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரர் புல்லில் இதே மாதிரி துணி சுற்றிய உடம்புகள் கிடத்தியிருந்தார். ஒன்றில் கால் மட்டும் வெளியே தெரியும். நானும் அம்மாவும் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். அம்மா நின்றுவிட்டா. பை கையிலிருந்து விழுந்து தக்காளி எல்லாம் நடைபாதையில் உருண்டது, அவ குனியவே இல்லை, அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றா. 2009-இல் வன்னியிலிருந்து வந்த மனுஷி. அதன்பிறகு நவம்பர் வரைக்கும் அந்தப் பக்கத்தால் நடக்கவில்லை.

பூசணி வடிவாக இருக்கும், எங்கள் பிள்ளைகளும் வெட்டுவார்கள். வௌவால், சூனியக்காரத் தொப்பி, எலும்புக்கூடு எதுவும் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. உண்மையான பிணம் மாதிரி இருப்பதைத் தெருவில் போட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். யார் எதைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

டெக்சாஸ்_தம்பி
அண்ணா, இதை நான் நினைத்தே பார்த்ததில்லை. துணி சுற்றியதை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். ஆனால் எலும்புக்கூடு நிற்கும். புகையும் இருக்கும். பயமே கூடாது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மேரிலாண்ட்_மல்லி
எல்லோரும் சிலந்தி வலையை மறந்துவிட்டீர்கள். அந்தப் பஞ்சு நூலில் சின்னப் பறவைகள் சிக்கிக்கொள்ளும், கால் மாட்டினால் அவற்றால் விடுவித்துக்கொள்ள முடியாது. செடியிலும் வெளிச்சுவரிலும் போட வேண்டாம், ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். அப்புறம் அகல் விளக்கு. எடிசன் சகோதரி, இதைக் கவனமாகப் படியுங்கள். அன்று மாலை தரையைத் தொடும் அங்கியும் முகமூடியும் போட்ட பிள்ளைகள் உங்கள் படியேறுவார்கள், கீழே இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அங்கே திறந்த சுடர் இருக்கவே கூடாது. அகலை விடிகாலையில் ஏற்றுங்கள், சாயங்காலம் பேட்டரி விளக்கு போதும். வைக்கோல் கட்டும் சோளத்தட்டையும் வைத்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது. நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி ஒரு வாசலில் இருந்தால், மிட்டாய் அல்லாத பரிசும் அங்கே உண்டு என்று பொருள். 2014 முதல் நாடு முழுக்க இந்த வழக்கம் பரவியிருக்கிறது. அவன் தெருமுனையிலிருந்தே அந்த நிறத்தைத் தேடுவான், கண்டுவிட்டால் என் கையை உதறிவிட்டு ஓடுவான். நீங்களும் ஒன்று வையுங்கள். பென்சில், ஸ்டிக்கர் போதும்.

எடிசன்_அம்மா
எல்லோருக்கும் நன்றி. வலை ஜன்னலுக்கு உள்ளே போய்விட்டது. கல்லறைக் கற்களை மகளே கராஜில் வைத்துவிட்டாள். எலும்புக்கூடு மட்டும் படிக்குக் கீழே, புல்வெளி நாற்காலியில். நேற்று, சனிக்கிழமை, பரங்கிக்காய் வெட்டினோம். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கரித்துண்டால் முகம் வரைந்து கொடுத்தார்: உருட்டு விழி, முறுக்கு மீசை, வெளியே நீட்டிய நாக்கு. மகள் அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினாள். வியாழன் வரை அது தாங்குமா?

காவிரிக்கரை
புல்வெளியும் வாசல்தான் அம்மா. என் வீட்டில் அந்த எலும்புக்கூடும் இருக்காது. மீசை வைத்த பரங்கிக்காயைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்க வேண்டும்.

ஒஹாயோ_பரங்கி
தாங்கும். உள்ளே நார் இல்லாமல் வழித்துச் சுரண்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். வெட்டிய ஓரத்தில் வாஸ்லின் களிம்பு தடவினால் சீக்கிரம் சுருங்காது. பகலில் வெயில் படாமலும் ராத்திரி கராஜிலும் வையுங்கள், அணில் முதலில் அந்த நாக்கைத்தான் கடிக்கும். விதையைக் கழுவிக் காயவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுங்கள். சதையைச் சாம்பாரில் போட வேண்டாம், இந்தப் பெரிய காய் வெறும் தண்ணீர்.