எதுவாப்துமும்க்: தமிழில் என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு,

கனடாவின் வட ஆறுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். மிக்மா என்னும் தொல்குடி மக்களின் மொழியில் அது 'எதுவாப்துமும்க்'. நோவா ஸ்கோஷியாவின் எஸ்கசோனியைச் சேர்ந்த பெரியவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004-இல் அறிவியல் உலகின் முன் வைத்த கருத்து. ஒரு கண்ணால் தொல்குடி அறிவின் வலிமையையும் மறு கண்ணால் மேலை அறிவியலின் வலிமையையும் கண்டு, இரு கண்களையும் சேர்த்துப் பயன்படுத்தப் பழக வேண்டும் என்பது பொருள். கிழக்குக் கரையில் பிறந்த சொல்தான். இன்று வடக்கிலும் நீரையும் மீனையும் பற்றிய ஆய்வுகளில் புழங்குகிறது.

'ஒருங்கிணைந்த அறிவு' என்று இங்கே ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. இரண்டைக் கரைத்து ஒன்றாக்கினால், காணாமல் போவது பெரும்பாலும் எளியவர் அறிவுதான்.

அத்தபாஸ்கா ஆற்றையே பாருங்கள். ஆல்பெர்ட்டாவின் வடகோடியில் அதுவும் பீஸ் ஆறும் சேர்ந்து ஒரு பெரிய டெல்டாவை உண்டாக்கியிருக்கின்றன. பீஸ் ஆற்றின் மேற்பகுதியில் பென்னட் அணை 1968 முதல் நீரைத் தேக்குகிறது. அத்தபாஸ்காவிலிருந்து, மணலில் கலந்த எண்ணெயைப் பிரித்தெடுக்கும் எண்ணெய் மணல் நிறுவனங்கள் நீர் எடுக்கின்றன. அங்கு வாழும் மிகிசூ க்ரீ, அத்தபாஸ்கா சிப்பவையன் தொல்குடி மக்களுக்கு ஆறுதான் சாலை. படகு எந்த மணல்திட்டில் தட்டுகிறது, வேட்டைக்குப் போகும் எந்த ஓடைக்குள் இப்போது நுழைய முடியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குக் கைரேகை போலத் தெரியும். அந்த அறிவை நீரளவு நிலையத்தின் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து, 2010-இல் ஓர் எண்ணை முன்வைத்தார்கள்: நொடிக்கு 1,600 கன மீட்டர். நீரோட்டம் அதற்குக் கீழே இறங்கினால், வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உரிமையுள்ள பல இடங்களுக்குப் படகு போகாது. 400-க்குக் கீழே போனால் நிலைமை மிகக் கடுமை.

படகோட்டி இல்லாமல் அந்த எண் பிறந்திருக்காது. அளவுப் பதிவு இல்லாமல் அதை அரசின் மேசையில் வைத்திருக்கவும் முடியாது. ஆனால் எண் கிடைத்துவிட்டது என்று படகோட்டியை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அது எங்கே நகர்ந்தது என்று மறு வருடமும் அவரைத்தான் கேட்க வேண்டும். இரு கண்களும் திறந்தே இருக்க வேண்டும் என்று மார்ஷல் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே சொல்லில் கண் இருந்தே தீர வேண்டும். எண்ணையும் எழுத்தையும் 'கண்ணென்ப' என்றது குறள். இரண்டு அறிவை இரண்டு கண்ணாகச் சொல்வது நமக்குப் புதிதன்று. 'இருகண் நோக்கு' என்றால் இருகண்நோக்கி என்ற கருவியோடு குழம்பும். 'இருவிழிப் பார்வை' கண் மருத்துவத்தில் இருக்கிறது. 'இருகண் காட்சி' என்றால் திரைப்படக் காட்சிதான் நினைவுக்கு வரும். நான் முன்மொழிவது: இருகண் காணல். கருத்துச் சொல்லுங்கள்.

~~~

ஐயா, வணக்கம்.

கரைக்கக் கூடாது என்பது முற்றிலும் சரி. ஆனால் 'காணல்' பலர் வாயில் 'கானல்' ஆகிவிடும். ஆற்று நீரைப் பற்றிய கட்டுரையில் கானல் நீர் வந்து நிற்கலாமா? 'காண்டல்' என்று வையுங்கள். அறியும் வழிகளை ஆராயும் அளவை நூல்களில் நேரே கண்டு அறிவதற்குக் காண்டல் என்றே பெயர். அறிவு என்ற பொருளும் சொல்லுக்குள் தானாக வந்துவிடுகிறது.

இன்னொன்று. 'தொல்குடி அறிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'மரபறிவு' என்று சுருக்கலாமே?

~~~

அம்மா, மிக்க நன்றி. கானல் என் காதுக்கு எட்டவே இல்லை. 'காண்டல்' எடுத்துக்கொள்கிறேன். வினையாக வரும் இடங்களில் 'இருகண்ணால் காண்' என்று எழுதிக்கொள்ளலாம்.

'மரபறிவு' மட்டும் வேண்டாம். பாட்டன் விட்டுச்சென்ற பெட்டகம் போல அது ஒலிக்கிறது. இவர்கள் இன்று காலையில் பார்த்ததும் அந்த அறிவில் சேர்த்தி. யாருடைய அறிவு என்பதும் பெயரிலேயே இருக்க வேண்டும். 'தொல்குடி' அதைச் சொல்கிறது.

கட்டுரையில் விளக்கக் குறிப்பாக இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்: "மெக்கென்சி டெல்டாவின் மீனவர், பிடித்த மீனின் வயிற்றைக் கீறி, ஈரல் பெருத்து வெளிறியிருக்கிறதா, சுருங்கிக் கறுத்திருக்கிறதா என்று பார்த்து அதன் நலத்தை அறிகிறார், அதே மீனை ஆய்வகம் மாசுக்காகச் சோதிக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது இருகண் காண்டல்."