கலைச்சொல்: ‘மும்முறை நகர்வு’ வேண்டாம், ‘மும்முறை ஒரேநிலை’

அண்ணாச்சி, வணக்கம்.

சதுரங்க நடுவர் கையேட்டுக்கு நீங்கள் அனுப்பிய பட்டியலில் ‘மும்முறை நகர்வு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் “மூணு தடவ அதே யானைய அங்கயும் இங்கயும் நகட்டிட்டான், டிரா” என்று கை தூக்குவதே இந்த எண்ணத்தால்தான். விதி எண்ணுவது நகர்வை அல்ல, பலகையின் நிலையை. அதே காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும். ஆட வேண்டியவரும் அவரேயாக இருக்க வேண்டும். கோட்டை கட்டும் உரிமையும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது), சிப்பாயைப் போகிறபோக்கில் வெட்டும் வாய்ப்பும் (இரண்டு கட்டம் தாண்டி நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றதை அடுத்த நகர்விலேயே வெட்டுவது) மாறியிருக்கக் கூடாது. ராஜா ஒரு கட்டம் நகர்ந்து பழைய இடத்துக்கே திரும்பினால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்; ஆனால் கோட்டை கட்டும் உரிமை போயிருந்தால் அது வேறு நிலை. மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே ‘மும்முறை ஒரேநிலை’.

டிரா கோரும் முறையைச் சொல்லுக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். மூன்றாம் முறை நிலையைக் கொண்டுவரப்போகும் நகர்வைத் தாளில் எழுத வேண்டும், காயைத் தொடக் கூடாது, கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க வேண்டும். காயைத் தொட்டால் அந்த முறைக்குக் கோரும் உரிமை போயிற்று. கோரிக்கை தவறென்றால் எதிராளியின் கடிகாரத்தில் 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையும் ஆடியாக வேண்டும். 1971-இல் புவனோஸ் ஐரிஸில், உலகப் பட்டத்துக்கு மோதப்போவது யார் என்று முடிவு செய்த போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில், கை ஓங்கியிருந்த பெத்ரோசியன் நிலை திரும்புவதைக் கவனிக்காமல் விட, ஃபிஷர் கோரி அரைப் புள்ளி எடுத்தார்.

ஐந்தாம் முறை வந்தால் யாரும் கோர வேண்டாம், ஆட்டம் தானே முடியும். அதற்கு ‘ஐம்முறை ஒரேநிலை’.

——

தம்பி,

‘நகர்வு’ போகட்டும், சரிதான். ஆனால் முடிவைக் குறிக்க நாம் ‘சமநிலை’ என்று வைத்திருக்கிறோமே, ‘ஒரேநிலை’ பக்கத்தில் நின்றால் குழப்பும். ஆட்ட நடுவில் இருவருக்கும் பலம் ஒத்திருப்பதையும் சமநிலை என்றுதானே சொல்கிறோம்? முடிவுக்குச் ‘சமன்’ போதும். 50 நகர்வு விதியில் மட்டும் ‘நகர்வு’ இருக்கட்டும்: ஆளுக்கு 50, இடையில் சிப்பாய் நகரவோ காய் வெட்டுப்படவோ கூடாது. அதுவும் கோரிப் பெறுவது. 75 ஆனால் தானே சமன், கடைசி நகர்வு மேட்டாக (ராஜா தப்ப வழியில்லாத முற்றுகையாக) இல்லாதவரை.