பாதியில் நின்ற பூ: அச்சுச் சித்திரத் தேநீர்க் கோப்பைகளோடு உங்கள் அனுபவம்

மந்தைவெளி உறுப்பினர்:
அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகம் தேடப் போன இடத்தில், 'நீல வில்லோ' என்ற ஆங்கிலேயப் பீங்கான் சித்திரம் அச்சிட்ட தேநீர்ச் செட்டு ஒன்றைக் கண்டேன். பாலத்தில் மூவர், மேலே இரண்டு பறவைகள் என்று நீங்கள் அறிந்த அதே சித்திரம்தான். ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பியபோது, கைப்பிடிக்கு அருகே விளிம்புக் கோலத்தின் இரு முனைகளும் கூடும் இடத்தில் ஒரு பூ பாதியோடு நின்றிருந்தது. மறுபாதி ஓர் அரிசி அளவு கீழே இறங்கியிருந்தது. "இது கழித்த சரக்கும்மா, வைத்துவிடு" என்றார் அத்தை. வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாதிப் பூ மனத்தை விட்டு அகலவில்லை.

பெரம்பூர் உறுப்பினர்:
அத்தை சொன்னதை நான் ஏற்கவில்லை. அது பழைய கைவேலையின் அடையாளம். செப்புத் தகட்டில் சித்திரத்தைச் செதுக்கி, நீல நிறம் தரும் கோபால்ட் மை பூசி, மெல்லிய தாளில் பதித்தெடுத்து, அந்தத் தாளை ஒருமுறை சுட்ட கோப்பையின் மேல் ஒட்டித் தேய்ப்பார்கள். பிறகு தாளை நீரில் கழுவி நீக்கி, மெருகு (கண்ணாடிபோன்ற பூச்சு) ஏற்றி மறுபடியும் சுடுவார்கள். விளிம்புக் கோலம் தனித் துண்டாக ஒட்டப்படுவதால், வளைவைச் சுற்றி வரும்போது முனைகள் அச்சொட்டாகப் பொருந்துவது அரிது. 1756-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் சாட்லர், கிரீன் என்ற இரண்டு அச்சாளர்கள் ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் அச்சிட்டதாக உறுதிமொழி அளித்தார்கள். அத்தனை விரைவாக ஓடும் கையிடம் ஒரு பூவுக்காகக் கணக்குக் கேட்கலாமா? என் பாட்டி வீட்டுச் சாசரில் தாள் மடிந்த இடம் வெள்ளைக் கோடாகவே இருந்தது. சிறுவயதில் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, கோடு மெருகுக்கு அடியில் இருந்தது. வீடு மாறியபோது அதை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

அடையாறு உறுப்பினர்:
முனைகள் கூடும் இடம் தெரிவதை மட்டும் வைத்துப் பழையது என்று பெரம்பூர் நண்பர் முடிவு கட்ட வேண்டாம். பிற்காலத்து ஒட்டுப்படங்களிலும் (முன்பே அச்சிட்டு வைத்து, கோப்பையில் ஒட்டும் படங்கள்) முனைகள் கூடும் இடம் தெரியும். உருப்பெருக்கியால் பாருங்கள்: செப்புத் தகட்டில் வெட்டியது என்றால் கோடுகளும் புள்ளிகளும் கைபோன போக்கில் இருக்கும், புள்ளிகள் சல்லடைபோல் ஒரே சீராக இருந்தால் புதியது. எங்கள் வீட்டுக் கோப்பைகளின் தங்க விளிம்பு, சாம்பலும் தேங்காய் நாரும் பட்டு ஓராண்டுக்குள் போய்விட்டது; நீலச் சித்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. தங்கம் மெருகின் மேலே பூசப்படுவது, நீலம் அடியில் அச்சிடப்படுவது. ஆகவே தங்க விளிம்புள்ளவற்றை மென்மையான துணியால் மட்டும் கழுவுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். மெருகில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால், தேநீர்க் கறை போகட்டும் என்று பிளீச்சிங் நீரில் ஊறவைக்காதீர்கள், அது விரிசல் வழியே உள்ளே இறங்கிவிடும்.