மறுமொழி: ‘யிப்ஸ்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நன்றாகப் பழகிய எளிய அசைவு விளையாட்டு வீரருக்குத் திடீரென வராமல் போவதை ஆங்கிலத்தில் ‘யிப்ஸ்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: கைநடுக்கம், ஆட்டப் பதற்றம், எறிமறதி. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை விளக்க ஒரு பேஸ்பால் நகைச்சுவைப் படத்தைத் துணைக்கு அழைக்கிறேன்.

1994இல் வந்த ‘மேஜர் லீக் 2’. இயக்கம் டேவிட் வார்ட். 1989இல் வந்த முதல் படம்தான் உசத்தி என்று விமர்சகர்கள் இரண்டாவதைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு இரண்டாவதும் அதே அளவு பிடிக்கும், அதற்குப் பெருங்காரணம் ரூப் பேக்கர். கிளீவ்லாந்து அணிக்குப் புதிதாக வரும் கேட்சர் அவன், வெள்ளந்தியான கிராமத்துப் பையன். கேட்சர் என்பவர் நம் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவர். பிட்சர் எறியும் பந்தைப் பிடித்துத் திரும்ப அவருக்கே போடவேண்டும். தூரம் ஏறத்தாழ 18 மீட்டர். யாரும் ஓடிவரவில்லை, அவசரமே இல்லை. அந்த ஆட்டத்திலேயே ஆக எளிய எறி அதுதான். பேக்கருக்கு அது மட்டும் வராது. பந்து எங்கெங்கோ போகும்.

இது கதைக்காகக் கட்டியது என்று நினைக்கவேண்டாம். நியூயார்க் மெட்ஸ் அணியின் கேட்சர் மேக்கி சாசருக்கு 1990 வாக்கில் இதேதான் நேர்ந்தது. எதிரணி ஆட்டக்காரர் இரண்டாம் தளத்துக்கு (ஓடித் தொடவேண்டிய இடம்) ஓடும்போது அவரை வீழ்த்தத் தடையின்றி வேகமாக எறிவார். பிட்சருக்குப் பந்தைத் திருப்பிப் போடும்போதுதான் கை முன்னும் பின்னும் போய்ப் போய் நிற்கும், பந்து விரலை விட்டுக் கிளம்பாது. அவருக்கும் முன்பு ஸ்டீவ் பிளாஸ் என்ற பிட்சர். 1972இல் 19 வெற்றிகள். அடுத்த ஆண்டு மூன்றே வெற்றி, 88 சொச்சம் இன்னிங்ஸில் குறிதவறிய எறிகளால் 84 பேருக்கு இலவசமாக முதல் தளம். கோளாறுக்கே ‘ஸ்டீவ் பிளாஸ் நோய்’ என்று அங்கே பெயர் வைத்துவிட்டார்கள். அவதிப்பட்டவர் தலையிலேயே அவதியின் பெயரை ஏற்றும் அந்த வழக்கம் நமக்கு வேண்டாம்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘கைநடுக்கம்’ மருத்துவர்கள் ஏற்கெனவே வேறு நோய்க்குறிக்கு வைத்திருக்கும் சொல். சாசரின் கை நடுங்கவில்லை, தடைப்பட்டது. ‘பதற்றம்’ காரணத்தைச் சொல்கிறது, அதிலும் பாதியைத்தான். சிலருக்கு இது தசை தானாக இறுகும் நரம்புக் கோளாறு, சிலருக்கு மன அழுத்தம், பலருக்கு இரண்டும் கலந்தது. காரணம் இன்னதென்று தீராதபோது அதைப் பெயரிலேயே எழுதி ஒட்டுவது சரியல்ல. ‘எறிமறதி’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவர்கள் எதையும் மறக்கவில்லை. எப்படி எறியவேண்டும் என்று பிறருக்குச் சொல்லித்தரவும் செய்வார்கள்.

என் பரிந்துரை: கைத்திக்கல்.

திக்கிப் பேசுபவருக்குச் சொல் தெரியும், பொருள் தெரியும், வாயிலும் குறையில்லை. வெளியே வரும் கணத்தில்தான் தடை. அவரே பாடும்போது பெரும்பாலும் தடை வருவதில்லை. படத்தில் பேக்கர் குணமாகும் வழியும் இதுதான். பயிற்சியாளராகிவிட்ட ஜேக் டெய்லர், கிளுகிளுப்பான இதழ் ஒன்றிலிருந்து மனப்பாடம் செய்த வரிகளை ஒப்பித்துக்கொண்டே எறியச் சொல்கிறார். பையனும் ஆட்டத்தின் நடுவே, முழுக் கவசத்தோடு, எதிரணி மட்டையாளர் விழித்துப் பார்க்க, வரி வரியாக ஒப்பிக்கிறான். பந்து நேராகப் போய்ப் பிட்சரின் கையுறையில் விழுகிறது! மனம் வேறெங்கோ போனதும் கை தன் வேலையைப் பார்க்கிறது. வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் காட்சி, ஆனால் அதற்குள் இருக்கும் கவனிப்பு அபாரம்.

முதலில் ‘கைத்திக்கு’ என்றுதான் எழுதினேன். ‘திக்கு’ திசையையும் குறிப்பதால் ‘கைப்பக்கம்’ என்று படிக்க இடமுண்டு. ‘திக்கல்’ என்றால் அந்த மயக்கம் இல்லை. வினையாகவும் இயல்பாக வருகிறது: ‘கை திக்கிவிட்டது’, ‘கை திக்கிப் பந்து தலைக்கு மேல் போனது’. கிரிக்கெட் வர்ணனையிலும் உட்காரும். 2001இல் இங்கிலாந்து உள்ளூர்க் கோப்பையின் லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் பந்துவீச்சாளர் ஸ்காட் பாஸ்வெல் ஓர் ஓவரை முடிக்க 14 பந்து வீசினாரே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

திக்கிப் பேசுபவர்களைப் புண்படுத்துமோ என்று தனிமடலில் ஓர் அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ‘திக்குவாயன்’ வசைச்சொல்லாகிவிட்டது உண்மை. ‘திக்கல்’ அப்படி ஆகவில்லை, நிகழ்வை மட்டும் சொல்கிறது. ஆளைக் குறிக்க ‘கைத்திக்கன்’ என்று யாரும் ஆக்கிவிடாமல், ‘கைத்திக்கல் உள்ளவர்’ என்றே பட்டியலில் காட்டு வாக்கியம் தரலாம்.

ஜிம்னாஸ்டிக்ஸில் 2021 டோக்கியோவில் சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்ததை இதில் சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து. அந்தரத்தில் உடல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்ற உணர்வே தவறிப்போவது அது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். ஈட்டியம்பு (டார்ட்ஸ்) ஆட்டக்காரர்களுக்கு அம்பு விரலை விட்டுப் போகாமல் நிற்பது மட்டும் கைத்திக்கலுக்குள் அடங்கும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசிவிடுவோம்.

அன்புடன்.